மண்ணுக்குள் கறன்ற் விட்டு ஈயத்தை இழுக்கலாமாம். எங்கள் செம்மண்ணில் சரிவருமா?

கொண்டாவில்_பெடியன்

கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவு யாழ்ப்பாணத்தில், கொண்டாவிலில், நாலு பரப்பு. பொருளாதாரத் தடைக் காலத்தில், 90களில், பெரியப்பா பின்வளவு வேப்பமரத்தடியில் பற்றறி வேலை செய்தவர். மின்சாரம் இல்லை, புதுப் பற்றறி உள்ளே வராது. செத்துப்போன கார் பற்றறிகளை உடைத்து, தேறக்கூடிய தட்டுகளைப் பொறுக்கி, இன்னொரு கோதுக்குள் அடுக்கி உயிர் கொடுப்பார். தேறாததை இரும்புத் தாச்சியில் உருக்குவார். அசிட்டை மரத்தடியிலேயே ஊற்றிவிடுவார். அந்த நாளில் எங்கள் ஒழுங்கையில் றேடியோ பாடியது பாதி அவர் தயவில்தான், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இப்போது என் மகளுக்கு இரண்டு வயது. எதைக் கண்டாலும் வாய்க்குள் வைக்கிற வயது. போன மாதம் மரத்தடியில் விளையாடியவளின் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. வாங்கிக் கழுவிப் பார்த்தால் பற்றறித் தட்டின் கிராதி. முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்தும் சின்னச் சின்னக் கட்டங்கள் அப்படியே இருந்தன.

மண்ணைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தேன். மரத்தடியில் கிலோவுக்கு 1,900 மில்லிகிராம் ஈயம். ஐந்து மீற்றர் தள்ளி 310. முன்வாசலில் 40. கிணறு மரத்திலிருந்து 11 மீற்றர். தண்ணீரில் ஈயம் அவர்களுடைய கருவிக்கு அகப்படவில்லை.

இணையத்தில் தேடியபோது இந்த முறை கண்ணில் பட்டது. நிலத்தில் இரண்டு வரிசையாகக் கோல்களை நட்டு நேரோட்ட மின்சாரம் கொடுத்தால், உலோகம் எதிர்க்கோல் (மைனஸ் முனைக் கோல்) பக்கம் வந்து சேருமாம். மண்ணைக் கிண்டவே தேவையில்லையாம். கூரையில் நாலு சோலார் பனல் சும்மா கிடக்கிறது. யாராவது இதைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

பனங்கொட்டை

பற்றறி போட்டதைப் பற்றறியாலேயே எடுக்கப் பார்க்கிறீர். நல்ல யோசனைதான் தம்பி! அப்படியென்றால் சுன்னாகத்துக் கிணறுகளில் இருந்த கழிவு எண்ணெயையும் இப்படி இழுத்திருக்கலாமே?

இரசாயன_ரீச்சர்

எண்ணெய்க்கு இது சரிவராது. எண்ணெய் மூலக்கூறில் மின்னேற்றம் இல்லை, அதை எந்தக் கோலும் கூப்பிடாது. உலோகத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அதை இந்தக் காணொளிகளில் யாரும் சொல்வதில்லை. கறன்ற் உலோகத்தை இழுப்பதில்லை. தண்ணீரில் கரைந்து அயனாக, அதாவது மின்னேற்றம் உள்ள துணிக்கையாக, இருக்கிற உலோகத்தைத்தான் இழுக்கும். தம்பியின் மகள் எடுத்த கிராதித் துண்டு நூறு வருடம் கறன்ற் கொடுத்தாலும் நடந்து போகாது.

உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். குளத்துக் களிமண், 12 சென்ரிமீற்றர் நீளமான பிளாஸ்ரிக் பெட்டி, ரோச் பற்றறிக்குள் இருக்கும் கரிக்கோல் இரண்டு, 12 வோல்ற். சென்ரிமீற்றருக்கு ஒரு வோல்ற், உண்மையான வேலைகளிலும் ஏறக்குறைய இந்த அளவுதான். உலோகத்துக்கு மயில்துத்தம், அதாவது செப்புச் சல்பேற்று. ஈயத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க முடியாது, செம்பு என்றால் நிறமாவது தெரியும்.

மறுநாள் காலையில் செவ்வரத்தம்பூச் சாற்றில் நனைத்த கடதாசியை மண்ணில் வரிசையாக ஒற்றினோம். நேர்க்கோல் பக்கம் சிவப்பு, எதிர்க்கோல் பக்கம் பச்சை. தண்ணீர் பிரிந்து ஒரு பக்கம் அமிலமும் மறுபக்கம் காரமும் உண்டாகிவிட்டன. களிமண் துணிக்கையின் மேற்பரப்பு மறையேற்றம் (மைனஸ்) உள்ளது, அதை ஒட்டிய நீரில் நேரேற்ற அயன்கள் கூடி நிற்கும், அவை இழுபடும்போது நீரும் எதிர்க்கோலை நோக்கி நகர்ந்தது. நேர்க்கோல் பக்கம் கோடைக் குளம் மாதிரி வெடித்திருந்தது, மற்றப் பக்கம் விரல் வைத்தால் சேறு. மண்ணுக்குள் நீர் இப்படி நகர்வதை 1809இல் மொஸ்கோவில் றொய்ஸ் என்பவர் கண்டுபிடித்தார்.

செம்பு எங்கே போனது என்று கேட்பீர்கள். நகர்ந்து போய், எதிர்க்கோலுக்கு மூன்று விரற்கடை முன்னால் நீலப்பச்சைக் கோடாக நின்றுவிட்டது. கார மண்ணைத் தொட்டதும் ஐதரொட்சைட்டாகப் படிந்துவிட்டது. இந்த முறையின் தலையிடியே அந்தக் கோடுதான். அதைக் கரைக்க எதிர்க்கோல் பக்கம் அசற்றிக்கமிலமோ சித்திரிக்கமிலமோ விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒல்லாந்து_மாமா

நான் இருக்கிற நாட்டுக் கதை ஒன்று. 1987இல் இங்கே ஒல்லாந்தின் வடக்கே குரோனிங்கனில், பழைய பெயின்ற் தொழிற்சாலை நிலத்தில் ஈயத்துக்கும் செம்புக்கும் இந்த முறையைப் பாவித்தார்கள். வெளிக்களத்தில் செய்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. கோல்களைச் சுற்றிக் குழாய் வைத்து, அதற்குள் ஒரு திரவத்தைச் சுற்ற விட்டு, வந்து சேர்கிற உலோகத்தை அந்தத் திரவத்தோடு வெளியே எடுப்பார்கள். வெறும் கோலை நட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை இல்லை. அதற்கும் முன்னால், 1930களின் இறுதியில், ஜேர்மனியில் கசகிராண்டே என்ற பொறியியலாளர் ரயில் பாதைக்கு வெட்டிய சரிவில் சேறு வழியாமல் இருக்கக் கறன்ற் விட்டுத் தண்ணீரை இழுத்தார்.

இங்கே மண்ணில் ஈயம் கிலோவுக்கு 530 மில்லிகிராமைத் தாண்டினால் தலையிட வேண்டிய அளவு என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டு வளவுக்கு 400 ஆக இருந்ததை 2024இல் 200க்கு இறக்கினார்கள். உம்முடைய 1,900 சின்ன விசயம் இல்லை. 310ஐயும் லேசாக எடுக்காதீர்.

செம்மண்_தோட்டம்

ரீச்சரின் பரிசோதனை குளத்துக் களிமண்ணில். வலிகாமத்துச் செம்மண் வேறு சாதி. எங்கள் பக்கம் சில இடத்தில் இரண்டு அடியிலேயே அலவாங்கு கல்லில் இடிக்கும். காங்கேசன்துறையில் சீமெந்துக்கு வெட்டினார்களே, அதே சுண்ணாம்புக்கல். கொண்டாவில் தம்பி, ஒரு வேலை செய்யும். மரத்தடி மண்ணில் மேலே கொஞ்சம், ஒரு முழ ஆழத்தில் கொஞ்சம் எடுத்து, தனித்தனிச் சிரட்டையில் வைத்து வினாகிரி ஊற்றிப் பாரும். காதைக் கிட்ட வைத்துக் கேட்க வேண்டும். கையை நன்றாகக் கழுவிக்கொள்ளும்.

கொண்டாவில்_பெடியன்

செய்து பார்த்தேன் அண்ணை. மேல் மண்ணில் பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டொரு குமிழி. முழ ஆழத்து மண்ணில் வெள்ளைக் கல்லுத் துருவல் கலந்திருக்கிறது, அது சோடாப் போத்தல் திறந்த மாதிரி இரைந்தது. சிரட்டையின் விளிம்பு வரை நுரை வந்தது. மனைவி குசினிக்குள் இருந்து என்ன சத்தம் என்று கேட்டாள்!

கணக்குப்பிள்ளை

நுரை வந்ததென்றால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, நேர்க்கோலில் உண்டாகிற அமிலத்தை ஈயத்துக்கு முன்னால் அதுதான் குடிக்கும். எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். எனக்கு இதில்தான் ருசி.

அந்த மண்ணில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று, என்று பிடிப்போம். கண்மதிப்புத்தான், சோதித்தால் கூடலாம் குறையலாம். ஒரு கன மீற்றர் மண் 1,500 கிலோ என்றால் சுண்ணாம்பு 75 கிலோ. அதை முழுக்கக் கரைக்க 1,500 மூல் (துணிக்கைகளை எண்ணுகிற அலகு) ஐதரசன் அயன், அதாவது அமிலம், வேண்டும். ஒரு மூலுக்கு 96,485 கூலோம் மின்னேற்றம் பாய வேண்டும். பெருக்கினால் ஏறக்குறைய 14.5 கோடி கூலோம்.

மீற்றருக்கு 100 வோல்ற் கொடுக்கிறீர்கள், ஈரச் செம்மண்ணில் ஒரு சதுர மீற்றருக்கு 5 அம்பியர் பாய்கிறது என்று வைப்போம். ஓர் அம்பியர் என்றால் செக்கனுக்கு ஒரு கூலோம், 14.5 கோடியை 5ஆல் பிரித்தால் 2.9 கோடி செக்கன், அதாவது 335 நாள். பதினொரு மாதம் இரவு பகலாகக் கறன்ற் கொடுத்தாலும் அத்தனையும் சுண்ணாம்பைக் கரைக்கத்தான் சரி. ஈயத்தின் முறை அதற்குப் பிறகுதான் வரும். 500 வாற், 335 நாள், ஏறக்குறைய 4,000 யூனிட், அதுவும் ஒரு கன மீற்றருக்கு. எங்கள் வீட்டில் மாதம் 90 யூனிட் போகிறது. மூன்றரை வருடத்துக்கு மேலான பில்!

சுண்ணாம்பே இல்லாத களிமண்ணில், இதே வோல்ற்றில் ஒரு மாதம் போதும் என்று வைத்தால், கன மீற்றருக்கு 360 யூனிட். அது ஒரு நியாயமான எண்.

அறிவியல்நகர்_மாணவன்

எல்லோரும் இந்த முறையைச் சாகடிப்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லட்டும். கணக்குப்பிள்ளை அண்ணையின் எண்கள் சரி, ஆனால் அமிலத்தால்தான் ஈயத்தைக் கரைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஈ.டீ.ரீ.ஏ. மாதிரிப் பிணைக்கிற பொருளை மண்ணுக்குள் விட்டால், சுண்ணாம்பு பெரும்பாலும் அப்படியே இருக்க ஈயம் கரைந்து வரும். அப்போது அது மறையேற்றம் உள்ள சிக்கல் அயனாக மாறி நேர்க்கோல் பக்கம் போகும். சுண்ணாம்பு மண்ணுக்கு ஆய்வுகூடங்களில் செய்கிற வழிதான் இது. எங்கள் மண்ணுக்கு ஒன்றும் சரிவராது என்று சொல்லியே எதையும் முயலாமல் இருக்கிறோம் என்று எனக்கு ஒரு மனக்குறை.

இரசாயன_ரீச்சர்

மனக்குறை நியாயமானது தம்பி, சொன்ன இரசாயனமும் சரி. ஆனால் கிணறு 11 மீற்றரில் இருக்கிறது.

நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். எங்கள் கல்லுக்குள் பொந்தும் வெடிப்புமாக இருப்பதால்தான் அப்படி. இந்தக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும். குடிப்பது, இறைப்பது எல்லாம் அந்தப் பொந்துகளுக்குள் நிற்கிற மழைத் தண்ணீர். களிமண்ணில் ஈ.டீ.ரீ.ஏ. விட்டால் அது எங்கே போகிறது என்று ஓரளவுக்குச் சொல்லலாம். செம்மண்ணுக்குக் கீழே கல்லில் ஒரு வெடிப்பு இருந்தால், மின்சாரம் சொல்கிற வழியை அது கேட்காது. மழை காட்டுகிற வழியில் போகும். ஈ.டீ.ரீ.ஏ. மண்ணில் சீக்கிரம் சிதைவதும் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். பெரியப்பா வருடக்கணக்காக ஊற்றியது சல்பூரிக்கமிலம். இருந்தும் கிணற்றில் ஈயம் இல்லை. ஏன்? கல் அந்த அசிட்டைக் குடித்து ஜிப்சமாக்கிவிட்டது. ஈயத்தை ஈயக் காபனேற்றாகவும் சல்பேற்றாகவும் கட்டிப்போட்டுவிட்டது. அந்த உப்புகள் தண்ணீரில் இலகுவில் கரையாது. பெரியப்பாவின் அசிட்டால் அசையாத ஈயத்தை நாலு பனல் அசைக்குமா? அசைத்தாலும், அசையாமல் இருப்பதால்தானே கிணறு இதுவரை தப்பியது? முப்பது வருடமாகக் கல் செய்த காவலை நாமே காசு கொடுத்துக் கலைப்பானேன்.

அறிவியல்நகர்_மாணவன்

சரி ரீச்சர், கிணற்று விசயத்தில் தோற்றேன். ஆனால் மண்ணை வெளியே எடுத்து, அடியில் ஒழுகாத தொட்டிக்குள் போட்டு இதே வேலையைச் செய்தால்? கசிவுப் பயம் இல்லை. வன்னிப் பக்கத்துக் களி வயல் மண்ணுக்கு, சுண்ணாம்பு குறைவாக இருந்தால், இந்த முறை உண்மையில் நல்லது. தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாத அடைசல் மண்ணுக்கென்றே வந்த முறை இது. மணலைச் சும்மா கழுவலாம், களியைக் கழுவ முடியாது.

இரசாயன_ரீச்சர்

தொட்டிக்குள் என்றால் எனக்கு எதிர்ப்பு இல்லை, வடிவாகச் செய்யலாம். உப்பு மண்ணில் மட்டும் வேண்டாம். ஒருமுறை அரியாலைக் கடலேரிக் கரை மண்ணை அந்தப் பெட்டிக்குள் போட்டோம். கால் மணித்தியாலத்தில் வகுப்பறை முழுக்க வெளிற்றும் தூள் மணம். உப்பிலிருந்து குளோரீன்! யன்னல்களைத் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்பினேன். உப்பு மண்ணில் கறன்றும் வீணாய்ப் போகும், உலோக அயனுக்குப் பதிலாகச் சோடியமும் குளோரைட்டும் சவாரி செய்யும்.

கோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிலர் கட்டடக் கம்பியை நேர்க்கோலாக நடுகிறார்கள். அது தானே கரைந்து மண்ணுக்குள் துருவாகும். கறை ஏறாத உருக்கு இன்னும் மோசம், அதற்குள் இருக்கிற குரோமியமும் நிக்கலும் கரைந்து மண்ணுக்குள் போகும். ஈயத்தை எடுக்கப் போய் நிக்கலை வைத்துவிட்டு வருகிற கதை.

தாதி_அக்கா

நீங்கள் எல்லோரும் மண்ணைப் பற்றியே கதைக்கிறீர்கள், பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கொண்டாவில் தம்பி, முதலில் மகளுக்கு இரத்தத்தில் ஈயம் பார்த்தீரா? விரலில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கிற தூசும் சேர்ந்துவிடும், நாளத்தில் எடுக்கச் சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

செனெகல் நாட்டில் டக்கார் நகரத்தின் ஓரத்தில் தியாறோய் என்று ஓர் ஊர். பழைய பற்றறி உடைத்த மண்ணை அங்கே சனங்கள் அரித்து ஈயம் பொறுக்கினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் செத்தார்கள். அதுகளைக் கொன்றது தூசு. கையிலும் பாயிலும் உடுப்பிலும் ஒட்டி வீட்டுக்குள் வந்த தூசு.

கோழி வளர்க்கிறீரா? மரத்தடியில் கிளறுகிற கோழியின் முட்டையை நிறுத்தும், முட்டையில் ஈயம் ஏறும். அந்தப் பக்கத்தில் கீரை, கரட், பீற்றூட் வேண்டாம். வாழைக்குப் பயமில்லை.

கொண்டாவில்_பெடியன்

அக்கா, இரத்தம் கொடுத்தாயிற்று, முடிவுக்குக் காத்திருக்கிறோம். கோழி ஏழு நிற்கிறது. முட்டையை இன்றோடு நிறுத்திவிட்டேன், அம்மாவுக்குத்தான் விளங்கப்படுத்த முடியவில்லை.

அப்படியென்றால் கிண்டி எடுப்பதுதான் வழியா? கிண்டாமல் செய்யலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன்.

செம்மண்_தோட்டம்

ஓம் தம்பி, கிண்டத்தான் வேண்டும். முழு வளவையும் இல்லை, மரத்தடியை மட்டும். முதல் மழை விழுந்து மண் பதமாக இருக்கிற நேரம் பார்த்துக் கிண்டும், கோடையில் கை வைத்தால் தூசு கிளம்பும். பூவாளியால் நனைத்து நனைத்து வெட்டும். மண்ணைத் தயவுசெய்து வேறு யாருடைய பள்ளத்துக்கும் நிரப்பக் கொடுக்காதீர். சுற்றி இருக்கிற 310 மண்ணுக்கு மேலே ஓர் அடி நல்ல மண் போட்டு மூடினால் போதும், அல்லது சீமெந்து போட்டுச் சைக்கிள் கொட்டில் கட்டும்.

ஒல்லாந்து_மாமா

பைகளில் கட்டி வைத்துவிட்டு, இப்படியான கழிவுக்கு உரிமம் கொடுக்கிற மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் கேட்டுப் பாரும். லொறியில் ஏற்ற முன்னால் கேளும், ஏற்றிய பிறகு கேட்காதீர்.

கொண்டாவில்_பெடியன்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். கிணற்றடி, வேலியடி என்று ஒவ்வொருவராக விசாரித்தபடியால் எழுதுகிறேன்.

மகளின் முடிவு 4. பெரிய நிம்மதி என்று சொல்ல முடியாது, ஆனால் மூச்சு வந்தது. மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள்.

மகளையும் மனைவியையும் சாவகச்சேரியில் அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் தம்பியும் கிண்டினோம். இரண்டு மீற்றர் சதுரம், 40 சென்ரிமீற்றர் ஆழம். மேல் ஒரு சாணுக்குள்தான் எல்லாம் கிடந்தது: கிராதித் துண்டுகள், கறுப்பு மூடிகள் பதினெட்டு, உருகி உறைந்த ஈயம் ஒன்று தோசைக்கல்லு மாதிரி. தாச்சியின் கைபிடியும் வந்தது. அடியில் கல்லை மூடி வெள்ளைப் பொருக்கு, விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. ரீச்சர் சொன்ன ஜிப்சம் என்று நினைக்கிறேன். வினாகிரி ஊற்றினேன், அது இரையவில்லை.

குழியின் அடி மண்ணைத் திரும்ப அனுப்பினேன், 120. நல்ல மண் போட்டு நிரப்பினோம். 310 இருந்த பக்கத்துக்கு மேலே சீமெந்து போட்டாயிற்று. கிணற்றை மாரி முடிந்ததும் இன்னொரு முறை சோதிப்பேன்.

கணக்குப்பிள்ளை

1.6 கன மீற்றர். 2.4 தொன் வருமே?

கொண்டாவில்_பெடியன்

60 உரப்பை அண்ணை, ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. முதுகு இன்னும் நேராகவில்லை. படங்கால் மூடிச் சீமெந்துத் தரையில் அடுக்கி வைத்திருக்கிறேன். அதிகாரசபையில் எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை பை அங்கேதான். உரிமம் உள்ள யாரையாவது தெரிந்தால் இங்கே போடுங்கள்.

பனங்கொட்டை

வேப்பமரம் நிற்கிறதா? பனல்கள்?

கொண்டாவில்_பெடியன்

மரம் நிற்கிறது. வேர் தெரியத் தெரிய மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையுறையோடு கிண்டினோம், அதில்தான் இரண்டு நாள் போனது. பனல் நாலும் இப்போது கிணற்று மோட்டருக்கு.